இணைய வாணிபம்: அறிய வேண்டிய சில சொற்கள்

கல்கத்தாவில் முதல் தேயிலை ஏலம் 1861-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் நடைபெற்றது. மாதிரி, லாட், தரகு ஆகிய சொற்களின் பொருளை அறிந்தவரே ஏலக்கூடத்தில் தம் நலனைக் காத்துக்கொள்ள முடிந்தது. சந்தையில் நுழைபவர் முதற்கண் அதன் மொழியைக் கற்க வேண்டும் என்பது இதனால் பெறப்படும் பாடமாகும்.

1995 ஆகஸ்ட் 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் பொதுமக்களுக்கான இணையச் சேவையைத் தொடங்கிய நகரங்களுள் கல்கத்தாவும் ஒன்று. இன்று நதியா மாவட்டத்தின் சாந்திபூர், புலியா ஆகிய ஊர்களில் நெய்யப்படும் சேலைகள் கொல்கத்தாக் கடைவீதிகளைக் கடந்து, இணையத்தின் வழியேயும் விற்பனையாகின்றன. இப்புதிய சந்தையின் சொற்களை அறியாத நெசவாளர் சங்கம், இடைத்தரகர் கூறும் கணக்கையே நம்ப வேண்டியதாகிறது.

முகவரியும் இடமும்

இணையதளத்தின் பெயர் ‘டொமைன்’ எனப்படும். இது ஒரு முறை விலை கொடுத்து நிரந்தரமாக வாங்கும் பொருளன்று. குறிப்பிட்ட காலத்திற்குப் பதிவு செய்து, பின்னர்ப் புதுப்பித்துவர வேண்டியது. ‘.இன்’ என முடியும் பெயர்களை, 2003-இல் அமைக்கப்பட்ட இந்தியத் தேசிய இணையப் பரிமாற்ற நிலையம் நிர்வகிக்கிறது. தளத்தின் படங்களும் பக்கங்களும் வைக்கப்படும் கணினி இடத்திற்கான வாடகை ‘ஹோஸ்டிங்’ ஆகும். முன்னது கடையின் பெயர்ப் பலகை போன்றது. பின்னது கடைக்கான வாடகை போன்றது.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. தளத்தை அமைத்துக் கொடுப்பவர் தம் பெயரிலேயே டொமைனைப் பதிவு செய்துகொண்டால், பின்னாளில் பிணக்கு நேரும்போது, சங்கம் பல ஆண்டுகள் உழைத்து ஈட்டிய பெயரையே இழக்க நேரிடலாம். பதிவு சங்கத்தின் பெயரில் இருத்தல் இன்றியமையாதது.

தேடலும் விளம்பரமும்

வாங்குவோர் தேடும் சொற்களுக்கு ஏற்பப் பக்கங்களைத் தெளிவாக அமைத்து, கட்டணமின்றித் தேடல் முடிவுகளில் முன்னிடம் பெற முயல்வது ‘தேடுபொறி உகப்பாக்கம்’ ஆகும். முதலிடத்திற்கு எவரும் உறுதி கூற இயலாது. அவ்வாறு கூறிப் பணம் கேட்போரிடம் கவனம் தேவை. இதற்கு மாறாக, விளம்பரத்தை ஒருவர் அழுத்தும்தோறும் பணம் செலுத்துவது ‘கிளிக் கட்டணம்’ எனப்படும். தளத்திற்கு வந்தோருள் பொருளை வாங்கியோரின் விழுக்காடு ‘மாற்று விகிதம்’ எனப்படும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஒரு கிளிக்குக்கு ரூ. 5 வீதம் 1,000 பேர் தளத்திற்கு வருகின்றனர் எனக் கொள்வோம். விளம்பரச் செலவு ரூ. 5,000. அவர்களுள் 20 பேர் ஆளுக்கு ஒரு சேலை வாங்கினால், மாற்று விகிதம் 2 விழுக்காடு. ஒரு சேலைக்கு விளம்பரச் செலவு ரூ. 250. விளம்பரம் நீங்கலாக மற்றச் செலவுகள் போகச் சேலைக்குக் கிடைக்கும் மிச்சம் ரூ. 200 எனில், ஒவ்வொரு விற்பனையிலும் ரூ. 50 நட்டம். வந்தோர் எண்ணிக்கையை மட்டும் காட்டும் அறிக்கையில் இந்நட்டம் புலப்படுவதில்லை. மாற்று விகிதம் 4 விழுக்காடாக உயர்ந்தால் செலவு ரூ. 125 ஆகக் குறைந்து, ரூ. 75 ஆதாயம் கிட்டும். நல்ல படங்கள், சரியான அளவு, தெளிவான விலை ஆகியவை இவ்வுயர்வுக்குத் துணைபுரியும்.

நம்பிக்கை

சாந்திபூர்ச் சேலை 2009-லும், வங்காளத்தின் டாங்கைல் சேலை 2024-லும் புவிசார் குறியீடு பெற்றன. உரிமையுடையோர் இதனைத் தளத்தில் குறிப்பிடுதல் வாங்குவோரின் ஐயத்தைப் போக்கும். 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிக) விதிகளின்படி, மின் வணிக நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்திற்குள் புகாருக்கு ஒப்புகை அளித்து, ஒரு திங்களுக்குள் தீர்வு காண வேண்டும்.

நூலின் தரத்தை விரலால் தொட்டறியும் நெசவாளருக்கு இக்கணக்குகள் கடினமானவை அல்ல. அவரவர் தாய்மொழியில் அவற்றை விளக்கிக் கூறுவது பயிற்சி அளிக்கும் அலுவலர்களின் கடமையாகும்.