மூன்று நிறுத்தம் போதும்

திருச்சியிலிருந்து காரைக்குடிக்குக் குடும்பத்தோடு காரில் போகிறோம். ஒரு பகல் முழுக்கக் கையில் இருக்கிறது. வழியில் எங்கெல்லாம் நிறுத்தலாம்? – ஒரு வாசகி, திருச்சி

நார்த்தாமலை, சித்தன்னவாசல், திருமயம். இந்த மூன்றையும் இதே வரிசையில் பாருங்கள், அம்மா. புதுக்கோட்டைச் சீமையில் பார்க்க வேண்டியதெல்லாம் பாறைமேல் இருக்கிறது. பதினொரு மணிக்கு மேல் அந்தப் பாறையில் வெறுங்காலை வைக்க முடியாது. அதனால் விடியற்காலையில் கிளம்பி, முதலில் நார்த்தாமலை ஏறிவிடுங்கள். அங்குள்ள விஜயாலய சோழீச்சரத்தின் கருவறை வட்ட வடிவம். தமிழ்நாட்டில் அரிதான அமைப்பு. எதிரே உள்ள குடைவரையில் ஆளுயரத் திருமால் சிற்பங்கள் 12, ஒரே சாயலில் வரிசையாக நிற்கின்றன. வெயில் ஏறும்போது சித்தன்னவாசல் குகைக்குள் இருக்கலாம். கூரையில் தாமரைக் குளத்து ஓவியம். மீனும் யானையும் எருமையும் பூப்பறிக்கும் ஆட்களும் அதில் உண்டு. அண்ணாந்து பார்த்துச் சற்று நேரம் நின்றால்தான் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குத் தெரியவரும்.

இசைக் கல்வெட்டுள்ள குடுமியான்மலையை விடலாமா என்று கேட்பீர்கள். அதுவும் அருமையான இடம்தான். ஆனால் நான்காவதாக ஓர் இடத்தைச் சேர்த்தால் நான்கையும் ஓடி ஓடித்தான் பார்க்க வேண்டிவரும். புதுக்கோட்டையில் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, வெயில் தாழ்ந்ததும் திருமயம் போங்கள். 1687-இல் சேதுபதி மன்னர் கட்டிய கோட்டை அங்கே இருக்கிறது. அடிவாரத்தில் சிவனுக்கும் பெருமாளுக்கும் அடுத்தடுத்துக் குடைவரைகள். மதியம் சாத்தும் நடையை மாலையில்தான் திறப்பார்கள் என்பதால், திருமயத்தைக் கடைசியில் வைப்பதே சரி. அங்கிருந்து காரைக்குடி பக்கம்தான்.