பல்லால் அறியப்பட்ட வௌவால்

பிளவக்கல் அணைக்கரையில் அந்திப்பொழுதில் நிற்போர் வௌவால்கள் இரைதேடப் புறப்படுதலைக் காண்பர். அவற்றின் இனமும் தொகையும் அறிவது எங்ஙனம் என்பதை யாம் ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

இம்மலைத்தொடரைச் சார்ந்த மேகமலையில், தோட்டத்தொழில் புரிந்த ஆங்கஸ் ஹட்டன் என்பார் 1948-இல் பழந்தின்னி வௌவால் ஒன்றைச் சேகரித்தார். அது குறுமூக்கு வௌவாலென்றே எண்ணப்பட்டுப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்திற் கிடந்தது. தாய்லாந்து அறிஞர் கிட்டி தொங்லோங்யா அதனை ஆராய்ந்தார். குறுமூக்கு வௌவாலுக்கு ஒவ்வொரு தாடையிலும் வெட்டுப்பற்கள் இரண்டு இணை, இதற்கோ ஓரிணையே, வாலும் இல்லை. ஆகவே 1972-இல் அதனைப் புதுப்பேரினமென வெளியிட்டு, சாலிம் அலியின் பெயரைச் சூட்டினார்.

அவ்வாண்டே பிறந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பழந்தின்னி வௌவால்களைத் தீங்குயிர்களென வகுத்தது. பின்னர் இவ்வொன்று மட்டும் முதலாம் அட்டவணையில் ஏறிற்று. கொல்லத்தகுவதையும் காக்கத்தகுவதையும் பிரித்தது ஓரிணைப் பல்லன்றோ! 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் தீங்குயிர்ப் பட்டியலையே நீக்கிற்று.

குகையாயினும் கைவிட்ட சுரங்கமாயினும், அதன் வாயிலில் ஓசையின்றி அமர்ந்து, வெளிப்போவனவற்றை எண்ணுதல் முதற்படி. பூச்சியுண்ணும் வௌவால்களை அவற்றின் நுண்ணொலியைப் பதியும் கருவியால் இனங்காணலாம். இப்பழந்தின்னியோ கண்ணையும் மூக்கையும் நம்புவது. ஆதலின் வனத்துறையின் அனுமதி பெற்ற பயிற்சியாளர் வலையிற் பிடித்து, பற்களை நோக்கி, உடனே விடுதல் வேண்டும். விளக்கேந்தி உட்புகின், அஞ்சிப் பறக்கும் தாய்களினின்று குட்டிகள் வீழ்ந்து மடியும்.

மாணவ நண்பர்காள்! எண்ணிக்கை எளிது, இனமறிதல் அரிது. இனமறியாத எண்ணிக்கை காக்கவேண்டிய உயிரையும் மறைத்துவிடும் என்பதை மறவற்க.