எலும்பின் நுண்ணமைப்பும் வயதுக் கணிப்பும்: டைனோசர், பறக்கும் ஊர்வன ஆகியவற்றின் புதைபடிவங்களை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச்சுருக்கம்

புதைபடிவ எலும்பை மெல்லிய சீவலாக்கி நுண்ணோக்கியில் காணும் ஆய்வுமுறை பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தோன்றியது. எலும்பு எந்த விலங்கினுடையது என்று அறியவே அது முதலில் பயன்பட்டது. இன்று விலங்கின் வளர்ச்சி வேகத்தையும் வயதையும் முதிர்ச்சியையும் அறிய உதவுகிறது. நுண்ணமைப்பு இனத்தை நேரடியாகக் காட்டுவதில்லை என்பதும், வயதை நிறுவுவதன் வழியாகவே இனப்பகுப்பிற்குத் துணை நிற்கிறது என்பதும் இக்கட்டுரையில் சில வழக்குகளைக் கொண்டு நிறுவப்படுகின்றன. அரியலூர்க் கல்லமேட்டில் கிடைத்து அழிந்த புதைபடிவம், மாதிரிகளைக் காப்பதன் தேவைக்குச் சான்றாக இறுதியில் எடுத்துக்கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: புதைபடிவம், மென்சீவல், நார்-அடுக்கு எலும்பு, வளர்ச்சித் தடைக்கோடு, புறநிறைவு அடுக்கு, நானோடைரனஸ், ராம்ஃபோரிங்கஸ், கல்லமேடு.

1. முன்னுரை

தொல்லுயிரியலில் ஒரு புதிய இனம் பெரும்பாலும் எலும்பின் புறவடிவத்தைக் கொண்டே பெயரிடப்படுகிறது. பல் எத்தனை, மண்டையோடு எவ்வடிவம், தொடையெலும்பு எவ்வளவு நீளம் என்பன அதற்கு அளவுகோல்கள். ஆனால் உயிரினம் வளரும்போது இவை யாவும் மாறுகின்றன. குட்டியின் மண்டையோட்டையும் தாயின் மண்டையோட்டையும் தனித்தனியே கண்டெடுக்கும் ஆய்வாளர் அவற்றை இரு வேறு இனங்களாகக் கொள்ளக்கூடும். சிறிய உடலோடு முழு முதிர்ச்சி அடைந்த இனத்தைப் பெரிய இனம் ஒன்றின் குட்டியெனக் கொள்ளவும் கூடும். புறவடிவம் மட்டும் இவ்வையத்தைத் தீர்ப்பதில்லை. எலும்பின் உட்பகுதி தீர்க்குமா, தீர்க்குமெனில் எந்த அளவிற்கு என்பதே இக்கட்டுரையின் வினா.

பறக்கும் ஊர்வன டைனோசர்களுக்கு நெருங்கிய உறவுடையவை எனினும் டைனோசர்கள் ஆகா. இரண்டும் தனித்தனிக் கிளைகள். எலும்பின் நுண்ணமைப்பில் அவற்றுக்கிடையே காணப்படும் ஒற்றுமை காரணமாக இரண்டும் இங்கு ஒருங்கே ஆராயப்படுகின்றன.

2. புதைபடிவத்தில் எஞ்சுபவை

எலும்பு, கொலாஜன் எனும் புரதநாரும் அதன்மேல் படியும் கால்சியம் பாஸ்பேட் படிகங்களும் சேர்ந்த பொருள். உயிர் நீங்கிய பின் புரதநார் பெரும்பாலும் சிதைந்துவிடுகிறது. ஆயினும் படிகங்கள் அந்நாரின் போக்கையொட்டியே அடுக்கப்பட்டிருப்பதால், நாரின் திசை கல்லாகிய எலும்பிலும் எஞ்சி நிற்கிறது. குருதிக்குழல்கள் சென்ற பாதைகளும் எலும்புச் செல்கள் குடியிருந்த நுண்குழிகளும் அவ்வாறே எஞ்சுகின்றன.

ஆய்வுக்குரிய எலும்பின் நடுத்தண்டிலிருந்து ஒரு துண்டு வெட்டப்பட்டு, பிசினில் பதிக்கப்பட்டு, கண்ணாடித் தகட்டில் ஒட்டப்படுகிறது. ஒளி ஊடுருவும் வரை, அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கோ அதனினும் குறைவோ ஆகும் வரை, அது தேய்க்கப்படுகிறது. இதுவே மென்சீவல். முனைவுற்ற ஒளியில் நோக்கும்போது நார்களின் ஒழுங்கும் ஒழுங்கின்மையும் தெளிவாக வேறுபடும்.

இத்தாலிய உடற்கூற்றியலாளர் ரொடோல்ஃபோ அம்ப்ரினோ 1947இல் ஓர் அடிப்படையை வகுத்தார். எலும்புத் திசு எவ்வகையினது என்பதை அது படிந்த வேகம் தீர்மானிக்கிறது என்பதே அது. விரைந்து படியும் எலும்பில் நார்கள் ஒழுங்கின்றிப் பின்னிக்கிடக்கும். அவற்றிடையே குருதிக்குழல்கள் நெருங்கியிருக்கும். இது நார்-அடுக்கு எலும்பு எனப்படும். மெல்லப் படியும் எலும்பில் நார்கள் ஒன்றற்கொன்று இணையாக அமையும்; குழல்கள் அருகியிருக்கும். இது இணைநார் எலும்பு. வளர்ச்சி முற்றிலும் நின்ற பருவங்கள் மெல்லிய கோடுகளாகப் பதியும். இவை வளர்ச்சித் தடைக்கோடுகள். மரத்தின் ஆண்டு வளையங்களைப் போல இவற்றை எண்ணலாம். முழு வளர்ச்சி எய்திய விலங்கின் எலும்பு விளிம்பில், குழல்கள் அற்றனவாய் நெருக்கமாக அடுக்கிய கோடுகள் தோன்றும். இப்பகுதி இக்கட்டுரையில் புறநிறைவு அடுக்கு எனக் குறிக்கப்படுகிறது.

மர வளையத்தோடு ஒப்பிடுவதற்கு ஓர் எல்லை உண்டு. மரம் தன் உள்வளையங்களை இழப்பதில்லை. எலும்போ உள்ளிருந்து கரைந்து மஜ்ஜைக்குழியை விரிவாக்கிக்கொண்டே வளர்கிறது. இளமையில் பதிந்த கோடுகள் இவ்வாறு அழிகின்றன. பழைய எலும்பைக் கரைத்து அவ்விடத்தில் உருவாகும் இரண்டாம்நிலைத் திசுவும் கோடுகளை மறைக்கிறது. ஒரே விலங்கின் தொடையெலும்பும் விலா எலும்பும் வேறுவேறு எண்ணிக்கை காட்டுவதும் உண்டு. ஆதலின் எண்ணிப் பெறும் வயது, அவ்விலங்கு வாழ்ந்த குறைந்த அளவு வயதே ஆகும். அழிந்த கோடுகளைச் சேர்த்துக் கூறும் வயது கணிப்பு மட்டுமே.

3. தொடக்கக்கால வழக்கு: பறவையா, பறக்கும் ஊர்வனவா?

இங்கிலாந்தின் கென்ட் பகுதிச் சுண்ணப்பாறையில் கிடைத்த சில நீண்ட எலும்புகளை ரிச்சர்டு ஓவன் 1840களில் ஒரு பெரிய கடற்பறவையினுடையன எனக் கருதினார். அப்பறவைக்குச் சிமோலியோர்னிஸ் எனப் பெயரும் இட்டார். உள்ளீடற்ற மெல்லிய சுவர் கொண்ட எலும்பு பறவைக்குரியது என்பது அன்றைய பொதுக்கருத்து. ஜேம்ஸ் ஸ்காட் போவர்பேங்க் அதே பாறைத்தொகுதியில் கிடைத்த எலும்புகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, 1848இல் தம் முடிவை வெளியிட்டார். எலும்புச் செல் குழிகளின் வடிவம் பறவைகளினுடையதோடு பொருந்தவில்லை. எனவே அவை டெரோடாக்டைல் வகை ஊர்வனவற்றின் எலும்புகளே என்பது அவர் வாதம்.

அவர் கண்ட முடிவு நிலைத்தது. அதற்கு அவர் காட்டிய காரணம் அவ்வாறு நிலைக்கவில்லை. செல் குழிகளின் வடிவம் வெட்டின் திசைக்கும் திசுவின் வகைக்கும் ஏற்ப ஒரே விலங்கினுள்ளேயே மாறக்கூடியது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. நுண்ணமைப்பை இனத்தின் நேரடி முத்திரையாகக் கொள்வதில் உள்ள இடர்ப்பாட்டை இவ்வழக்கு தொடக்கத்திலேயே காட்டிவிடுகிறது.

4. வளர்ச்சி வேகமும் உடல்வெப்பமும்

பிரெஞ்சு ஆய்வாளர் அர்மான் த ரிக்லே, டைனோசர் எலும்புகளில் நார்-அடுக்குத் திசு பரவலாக இருப்பதைச் சுட்டி, அவை பாலூட்டிகளையும் பறவைகளையும் போல நெடுங்காலம் விரைந்து வளர்ந்தன என்றார். மாறாக, சில டைனோசர் எலும்புகளில் வளர்ச்சித் தடைக்கோடுகளும் இருந்தன. ராபின் ரீட் 1981இல் ஒரு சாரோபாடின் இடுப்பெலும்பில் அத்தகைய வளையங்களை எடுத்துக்காட்டினார். இக்கோடுகள் குளிர்குருதி விலங்குகளுக்கே உரியன என்று கருதியோர் அவற்றை எதிர்ச்சான்றாகக் கொண்டனர்.

இவ்வாதத்தை மெய்க்கே கோலரும் குழுவினரும் 2012இல் நேரிடையாகச் சோதித்தனர். பல்வேறு தட்பவெப்பச் சூழல்களில் வாழும் அசைபோடும் பாலூட்டிகளின் தொடையெலும்புகளை அவர்கள் ஆராய்ந்தனர். வெப்பக்குருதி விலங்குகளாகிய அவற்றிலும் ஆண்டுதோறும் தடைக்கோடுகள் பதிந்திருந்தன. பருவம் மாறும்போது வளர்ச்சி தடைப்படுவது விலங்குகளின் பொதுவியல்பு என்பது இதனால் உறுதியாயிற்று. கோடு காலத்தைக் காட்டும். குருதியின் வெப்பத்தைத் தனித்து நின்று காட்டாது.

5. சிறியது இளையதா?

ருமேனியாவின் ஹாட்செக் பகுதியில் கிடைத்த டைனோசர்கள் தம் இனத்தவற்றை நோக்கச் சிறியனவாக இருந்தன. பண்டைக்காலத்தில் அப்பகுதி தீவாக இருந்தமையால் அவை குறுகின என்று ஃபிரான்ஸ் நோப்சா இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கருதினார். டைனோசர் எலும்புகளின் நுண்ணமைப்பையும் ஆராய்ந்தவர் அவர். எனினும் தீவில் கிடைத்தவை வெறும் குட்டிகளே என்ற மறுப்பு நெடுங்காலம் நீடித்தது.

இதற்கு விடை மென்சீவலில் கிடைத்தது. ஜெர்மனியின் லோயர் சாக்சனியில் கிடைத்த யூரோப்பாசாரஸ் ஏறத்தாழ 6 மீட்டர் நீளமே உடையது. மார்ட்டின் சாண்டரும் குழுவினரும் 2006இல் அதன் எலும்புகளை ஆராய்ந்தபோது, சிறியவற்றில் விரைந்து வளரும் திசுவும் மிகப் பெரியதில் வளர்ச்சி முடிவுற்றதன் அடையாளமும் காணப்பட்டன. அது தீவிற் குறுகிய முதிர்ந்த விலங்கே. ஹாட்செக்கின் மக்யாரோசாரஸ் எலும்புகளை 2010இல் ஆராய்ந்த கோயன் ஸ்டைனும் குழுவினரும், சிறிய எலும்புகளிலும் இரண்டாம்நிலைத் திசு முதற்திசுவை ஏறக்குறைய முழுதும் மாற்றியிருப்பதைக் கண்டனர். முதுமையின் அடையாளமாகிய அது, நோப்சாவின் கருத்தை அவருக்குப் பின் பல பதிற்றாண்டுகள் கழித்து உறுதிசெய்தது.

6. பறக்கும் ஊர்வன: வயதும் பறத்தலும்

பறக்கும் ஊர்வனவற்றின் எலும்புச்சுவர் மிக மெல்லியது. பெரிய இனங்களிலும் ஒருசில மில்லிமீட்டருக்கு மேற்படுவது அரிது. அதில் மஜ்ஜைக்குழி விரிவதால் இளமைக்காலப் பதிவு பெரிதும் அழிகிறது. ஆகவே வெவ்வேறு வயதுடைய பல மாதிரிகளை வரிசைப்படுத்தியே இங்கு ஆராய வேண்டும்.

ஜெர்மனியின் சோல்ன்ஹோஃபன் பாறையில் கிடைத்த ராம்ஃபோரிங்கஸ் ஒரு காலத்தில் பல இனங்களாகப் பகுக்கப்பட்டிருந்தது. கிறிஸ்டோபர் பென்னட் 1995இல் அவை யாவும் ஒரே இனத்தின் வெவ்வேறு வளர்ச்சிநிலைகள் என்று அளவுகளைக் கொண்டு வாதிட்டார். எடினா ப்ரோன்ட்வாயும் குழுவினரும் 2012இல் அவ்வினத்தின் வளர்ச்சி வரிசையை நுண்ணமைப்பால் ஆராய்ந்தனர். இளமையில் விரைந்து படிந்த திசு, பின்னர் நெடுங்காலம் மெல்லப் படிந்த திசுவிற்கு இடங்கொடுத்திருந்தது. பறக்கத் தொடங்கியதே இம்மாற்றத்திற்குக் காரணம் என்றும், முட்டையிலிருந்து வெளிவந்த உடனே குஞ்சு பறந்திராது என்றும் அவர்கள் முடிவு கூறினர்.

அர்ஜென்டினாவின் டெரோடாஸ்ட்ரோவில் அதே வகை மாற்றத்திற்கு வேறு விளக்கம் தரப்பட்டது. கேப்டவுன் பல்கலைக்கழகத்தின் அனுசூயா சின்சாமியும் இணை ஆய்வாளர்களும் 2008இல் வெளியிட்ட ஆய்வின்படி, அவ்விலங்கு ஏறத்தாழ 2 ஆண்டுகள் விரைந்து வளர்ந்து முதிர்ந்த அளவில் 53 விழுக்காட்டை எட்டியது. அப்போது அது இனப்பெருக்க முதிர்ச்சி பெற்றிருக்கக்கூடும். அதன்பின் 3 முதல் 4 ஆண்டுகள் மெல்ல வளர்ந்தது.

வளர்ச்சி விரைவிலிருந்து மெதுவாக மாறியது என்பது இரண்டிலும் மென்சீவல் காட்டும் செய்தி. அதற்குக் காரணம் பறத்தலா, இனப்பெருக்கமா என்பது ஆய்வாளரின் உய்த்துணர்வு. காட்சியையும் உய்த்துணர்வையும் வேறுபடுத்திக் காண்பது இத்துறையில் இன்றியமையாதது.

7. நானோடைரனஸ் வழக்கு

அமெரிக்காவின் மொன்டானாவில் 1942இல் கிடைத்த ஒரு சிறிய மண்டையோட்டை 1946இல் சார்லஸ் கில்மோர் கோர்கோசாரஸ் வகையாக விவரித்தார். 1988இல் அது நானோடைரனஸ் என்னும் புதிய பெயர் பெற்றது. தாமஸ் கார் 1999இல் அதனை டைரனோசாரஸ் ரெக்ஸின் இளம் விலங்கு என்றார். 2001இல் கண்டெடுக்கப்பட்டு ‘ஜேன்’ என அழைக்கப்படும் எலும்புக்கூடும் இவ்வழக்கில் சேர்ந்தது.

ஹாலி வுட்வர்டும் குழுவினரும் 2020இல் ஜேனின் கால் எலும்புகளை ஆராய்ந்தனர். அது குறைந்தது 13 ஆண்டுகள் வாழ்ந்தது, வளர்ச்சி முடிவுறவில்லை, புறநிறைவு அடுக்கு இல்லை. இதனால் அது இளம் டைரனோசாரஸ் என்ற கருத்து வலுப்பெற்றது. ஆனால் 2025இல் லிண்ட்சே ஜன்னோவும் ஜேம்ஸ் நாப்போலியும் வேறொரு எலும்புக்கூட்டை ஆராய்ந்தனர். அது ஏறத்தாழ 20 வயதில், வளர்ச்சி முடிவுறும் நிலையில் இறந்தது, உடலோ சிறியது. ஆகவே நானோடைரனஸ் தனிப் பேரினமே என அவர்கள் நிறுவினர். ஜேனையும் அப்பேரினத்தில் ஒரு புதிய இனமாகச் சேர்த்தனர். அதே ஆண்டில் கிறிஸ்டோபர் கிரிஃபினும் குழுவினரும் மூல மண்டையோட்டோடு கிடைத்த நாவடி எலும்பை ஆராய்ந்து, அவ்விலங்கும் முதிர்ச்சியை நெருங்கியதே எனக் கண்டனர்.

2020இன் அளவீடு பிழையாகவில்லை என்பது இங்கு நோக்கத்தக்கது. ஜேன் வளர்ந்துகொண்டிருந்த விலங்கு என்பது இன்றும் பொருந்தும். அது எந்த இனத்தின் இளம் விலங்கு என்பதை அதன் மென்சீவலால் தனித்துக் கூற இயலவில்லை. சிறிய உடலோடு முதிர்ந்த ஒரு மாதிரி கிடைத்த பின்னரே அவ்வினா வேறு வடிவம் பெற்றது. இளமையைக் காட்டும் சான்று இனத்தை முடிவு செய்யாது. சிறிய உடலில் முதிர்ச்சியைக் காட்டும் சான்று, அது பெரிய இனத்தின் குட்டி என்னும் கருத்தை மறுக்க வல்லது. இவ்விரண்டின் வலிமையும் சமமானதன்று.

8. கல்லமேடு: இழந்த வாய்ப்பு

தமிழ்நாட்டின் அரியலூர்ப் பகுதிக் கல்லமேட்டுப் படிவுகளில் கிடைத்த மிகப் பெரிய எலும்புகள் யாதகிரி, அய்யாசாமி ஆகியோரால் 1980களின் பிற்பகுதியில் விவரிக்கப்பட்டன. பிருகத்காயோசாரஸ் எனப் பெயரிடப்பட்ட அவ்விலங்கு முதலில் ஊனுண்ணி டைனோசராகவும் பின்னர் நீள்கழுத்துத் தாவர உண்ணியாகவும் கொள்ளப்பட்டது. அதன் கீழ்க்காலெலும்பு 2 மீட்டர் நீளம் எனக் குறிக்கப்பட்டது. அந்த அளவே ஐயத்தையும் எழுப்பிற்று. அவை எலும்பல்ல, கல்மரத் துண்டுகளாக இருக்கலாம் என்று சிலர் கருதினர். அதே காவிரிப் படுகையைச் சேர்ந்த சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் இருப்பதை நினைவுகூர்ந்தால், அவ்வையத்தை எளிதில் ஒதுக்க இயலாது. 2022இல் வெளியான பழைய களப்படங்கள் எலும்பு என்ற கருத்திற்கு வலுவூட்டின. ஆனால் புதைபடிவங்கள் அதற்குள் சிதைந்து அழிந்துவிட்டன.

மரத்தின் செல்வரிசையும் எலும்பின் குழல் அமைப்பும் நுண்ணோக்கியில் ஒருபோதும் மயங்குவதில்லை. ஒரு சிறு துண்டு காக்கப்பட்டிருப்பின், இந்த ஐயம் ஒரே மென்சீவலில் தீர்ந்திருக்கும். விலங்கின் முதிர்ச்சியும் தெரிந்திருக்கும். மென்சீவல் எடுப்பது மாதிரியின் ஒரு பகுதியை அழிப்பது என்று அருங்காட்சியகங்கள் தயங்குவது இயல்பு. வெட்டுவதற்கு முன் வார்ப்பும் படமும் எடுத்துவைத்தால் அத்தயக்கம் நீங்கும். வெட்டாமல் காத்தும் முழுவதுமாக இழந்ததற்குக் கல்லமேடு சான்றாக நிற்கிறது.

9. முடிவுரை

போவர்பேங்க் 1848இல் நுண்ணமைப்பைக் கொண்டு இனத்தை அறிய முயன்றார். இன்றைய ஆய்வும் அவ்வினாவையே தொடர்கிறது; வழி மட்டும் மாறியிருக்கிறது. எலும்பின் உட்பகுதி வளர்ச்சியின் வேகத்தையும் நின்ற பருவங்களையும் முடிவையும் உறுதியாகக் காட்டுகிறது. இனத்தை அறிய, அச்செய்தி புறவடிவத்தோடும் பிற மாதிரிகளோடும் ஒப்புநோக்கப்பட வேண்டும். முதிர்ச்சிக்கான சான்று இளமைக்கான சான்றைவிட இனப்பகுப்பில் வலிமை மிக்கது. புதிதாகக் கிடைக்கும் ஒவ்வொரு பெரிய எலும்பிலிருந்தும் ஒரு துண்டேனும் நுண்ணாய்விற்கெனக் காக்கப்படுவது, இந்திய அகழ்விடங்களில் நடைமுறையாதல் வேண்டும்.