நகரவும் வேண்டும், நிற்கவும் வேண்டும்

மாலை ஆறு மணி நெருங்கினால் போதும், அந்த வரிசை வீட்டின் கார் கொட்டகையில் ஒரு மல்லுக்கட்டு தொடங்கிவிடும். அப்பா மரத்தச்சர். காலையிலிருந்து அங்கேதான் பலகை அறுத்து, இழைத்து, துளையிட்டுப் படிப்பு மேசையும் காலணி அலமாரியும் செய்கிறார். மாலையில் அம்மா வேலை முடிந்து காரில் வருவதற்குள் இயந்திரங்களையெல்லாம் சுவரோரம் ஒதுக்கியாக வேண்டும். 20 அடி அகல மனையில் கட்டிய வீடு அது. பகலில் பட்டறையாக இருக்கும் அதே இடத்தில்தான் இரவில் கார் நிற்க வேண்டும்.

மேசை இரம்பத்தின் எடை ஏறக்குறைய 120 கிலோ. ஆளுயரத்துக்கு நிற்கும் துளையிடும் இயந்திரம் 80 கிலோ இருக்கும். அப்பா தோளைக் கொடுத்துத் தள்ளுவார். இரும்புக் கால்கள் கிறீச்சிட்டுக்கொண்டு தரையைக் கீறும். ஏற்கெனவே இரண்டு தரை ஓடுகள் விரிசல் கண்டுவிட்டன. அப்பாவின் இடுப்பு வலியும் கூடிக்கொண்டே போனது. "இப்படித் தள்ளிக்கொண்டே இருந்தால் தொழிலையே விட வேண்டி வரும்" என்று மருத்துவர் எச்சரித்துவிட்டார்.

"இந்த இயந்திரத்தையெல்லாம் கொஞ்சம் லேசா செய்யக் கூடாதாப்பா?" என்று படிவம் மூன்றில் படிக்கும் மகள் கேட்டாள்.

நியாயமான கேள்விதான். ஆனால், அந்த எடை வீண் சுமையன்று. மேசை இரம்பத்தின் வட்டத் தகடு நிமிடத்துக்கு ஏறக்குறைய 4,000 முறை சுழல்கிறது. அந்த வேகத்தில் எழும் அதிர்வை யாராவது தாங்கிக்கொள்ள வேண்டும். மேசைப் பகுதியை வார்ப்பிரும்பால் செய்வது அதற்காகத்தான். வார்ப்பிரும்புக்குள் கிராஃபைட் துணுக்குகள் பரவிக் கிடப்பதால் அது அதிர்வை உள்வாங்கி அடக்கிவிடுகிறது. இலேசான இயந்திரமோ அதிர்ந்து ஆடும், அறுப்பு கோணலாகும், பலகை கையை விட்டுத் துள்ளும். ஆகவே, எடை இருக்கத்தான் வேண்டும். எடையோடு சேர்த்து அதை நகர்த்தும் வழியைத்தான் தேட வேண்டும்.

அப்பா நாள்தோறும் மல்லுக்கு நின்றது உண்மையில் எடையோடு அல்ல, உராய்வோடு. இரும்புக் காலைச் சிமெண்டுத் தரையில் இழுக்க, அதன் எடையில் பாதியளவு விசை தேவைப்படலாம். 120 கிலோ இரம்பத்தைத் தள்ளுவது 60 கிலோ மூட்டையைத் தூக்குவதற்குச் சமம். அதையே கடினமான சக்கரங்களின்மேல் ஏற்றி, சமமான வழுவழுப்பான தரையில் உருட்டினால் எடையில் நூற்றில் இரண்டு பங்கு விசை போதும். அதாவது, இரண்டரைக் கிலோ அரிசிப் பையைத் தூக்கும் அளவுதான். உருளத் தொடங்கும் அந்த முதல் நொடியில் மட்டும் சற்றுக் கூடுதலாகத் தேவைப்படும்.

சக்கரம் மாட்ட வேண்டுமானால் முதலில் இயந்திரத்தைத் தரையிலிருந்து கிளப்ப வேண்டுமே! அதற்கு நெம்புகோல் கைகொடுத்தது. ஒன்றரை மீட்டர் நீளமுள்ள கடப்பாறையின் நுனியை இரம்பத்தின் ஓரத்துக்குக் கீழே செருகினார் அப்பா. நுனியிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்தார். கை பிடிக்கும் பக்கம் 140 சென்டிமீட்டர். சுமை இருக்கும் பக்கம் 10 சென்டிமீட்டர். ஆகவே, கை கொடுக்கும் விசை 14 மடங்காகப் பெருகும். இயந்திரத்தின் ஒரு பக்கத்தை மட்டும் தூக்குவதால் சுமையும் பாதிதான், 60 கிலோ. மகள் நாலரைக் கிலோ அளவுக்கு அழுத்தியதும் அந்தப் பக்கம் எழுந்துவிட்டது! எழுந்த ஒவ்வொரு முறையும் அப்பா ஒரு நீளமான பலகைத் துண்டைக் குச்சியால் அடியில் தள்ளினார். கையை உள்ளே விடவில்லை. கடப்பாறை வழுக்கினால் இயந்திரம் பலகையின்மேல் விழும், விரல் தப்பிக்கும்.

தடித்த ஒட்டுப்பலகை ஒன்றில் நான்கு மூலையிலும் சக்கரம் பொருத்தி, இரம்பத்தை அதன்மேல் ஏற்றினார்கள். ஒரு கையால் தள்ளியதும் அது வழுக்கிக்கொண்டு போனது. மகளுக்கு ஒரே பெருமை. கையை எடுத்தாள்.

இரம்பம் நிற்கவில்லை.

முதலில் மெல்ல, பிறகு கொஞ்சம் விரைவாக, வாசல் கதவை நோக்கி உருண்டது. கதவு திறந்திருந்தது. வெளியே தெருவில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மிதிவண்டி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அப்பா ஓடிப்போய், கையில் அகப்பட்ட மெராந்தி மரத்துண்டைச் சக்கரத்துக்கு முன்னால் போட்டார். இரம்பம் அதில் முட்டி நின்றது. சிறிது நேரம் இருவரும் ஒன்றுமே பேசவில்லை.

கார் கொட்டகையின் தரை பார்வைக்குச் சமமாகத்தான் தெரியும். ஆனால், மழைநீர் வெளியே வழிந்தோட வேண்டும் என்பதற்காக அதை வாசல் பக்கம் சற்றுச் சரித்தே கட்டுவார்கள். அந்த வீட்டில் 5 மீட்டர் நீளத்துக்கு 15 சென்டிமீட்டர் சரிவு. அதாவது நூற்றுக்கு மூன்று. அந்தச் சரிவு 120 கிலோ இரம்பத்தை மூன்றரைக் கிலோ அளவு விசையோடு கீழே இழுக்கிறது. சக்கரத்தைத் தடுக்கும் விசையோ இரண்டரைக் கிலோ அளவுதான். எது வெல்லும் என்று சொல்ல வேண்டியதில்லை. இத்தனை நாளும் எதிரியாகத் தெரிந்த உராய்வுதான் இயந்திரத்தைக் காவல் காத்து நிறுத்தி வைத்திருந்தது. சக்கரம் மாட்டிய நாளில் அந்தக் காவலாளி வேலையை விட்டுப் போய்விட்டான்.

சக்கரத்தை ஓட்டுவதைவிட நிறுத்துவது கடினம் என்பதைத் தேர் இழுப்பவர்கள் நன்கு அறிவார்கள். தமிழகக் கோயில்களின் பெரிய மரத்தேர்கள் வீதியில் ஓடும்போது, சக்கரங்களுக்குப் பக்கத்திலேயே சிலர் ஆப்பு வடிவக் கட்டைகளோடு ஓடுவார்கள். தேரைத் திருப்பவும் நிறுத்தவும் அந்தக் கட்டையைச் சக்கரத்தின் அடியில் போடுவார்கள். அதற்குப் பெயர் முட்டுக்கட்டை. இன்று ஒரு நல்ல காரியத்தைக் கெடுப்பவரை 'முட்டுக்கட்டை போடுகிறார்' என்கிறோம். அந்தக் கட்டைக்கு இந்தக் கெட்ட பெயர் கொஞ்சம் அநியாயம்தான்.

மறுநாள் பிரேக் உள்ள சக்கரங்களை வாங்கி மாட்டினார்கள். பிரேக்கை மிதித்துப் பூட்டிவிட்டு, அப்பா ஒரு தடித்த பலகையை இரம்பத்தில் கொடுத்தார். பலகை தகட்டைத் தொட்டதும் மேசை முழுவதும் ஒரு விரல்கடை அளவு இடம் வலமாக அசைந்தது. அப்பா உடனே சுவிட்சை அணைத்துவிட்டார். கை தகட்டுக்கு மிக அருகில் இருக்கும் வேலை அது. அங்கே ஒரு விரல்கடை என்பது சிறிய அளவன்று.

"பிரேக்குதான் போட்டிருக்கேப்பா, ஏன் ஆடுது?"

"சக்கரம் உருளலம்மா. ஆனா, அதோட கழுத்து திரும்புது பாரு."

சுழல் சக்கரத்தில் இரண்டு அசைவுகள் உண்டு. அச்சைச் சுற்றி உருள்வது ஒன்று. மேலே உள்ள முளையைச் சுற்றித் திரும்புவது மற்றொன்று. பேரங்காடித் தள்ளுவண்டியின் முன்சக்கரத்தைப் பார்த்தால் இது விளங்கும். அச்சு முளைக்கு நேர் கீழே இருக்காது. சற்றுப் பின்தள்ளி இருக்கும். அதனால்தான் வண்டி போகும் திசைக்குச் சக்கரம் தானாகத் திரும்பிக்கொள்கிறது. மலிவான பிரேக்குகள் உருளுவதை மட்டும் தடுக்கும், திரும்புவதைத் தடுக்காது. இரண்டையும் ஒன்றாகப் பூட்டும் சக்கரங்களும் கடையில் கிடைக்கின்றன. அவை பணிமேசைக்குப் போதும். ஆனால், இரம்பத்துக்கு அப்பா அதையும் ஒத்துக்கொள்ளவில்லை. வேலை நடக்கும்போது இயந்திரம் சக்கரத்தின்மேல் நிற்கவே கூடாது, தன் சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்றார். நகரும்போது சக்கரம், வேலையின்போது கால். இரண்டும் ஒரே இயந்திரத்தில் வேண்டும்.

வழி கடப்பாறையிலேயே இருந்தது. கடப்பாறையைச் சிறியதாக்கி இயந்திரத்தோடே பொருத்திவிட்டால்?

இரம்பத்தின் கீழ்ச்சட்டத்தில் இரு பக்கமும் கீல் வைத்து ஒரு பலகையை மாட்டினார்கள். ஒவ்வொரு பலகையின் அடியிலும் இரண்டு சக்கரங்கள். கீலிலிருந்து சக்கரத்துக்கு 6 சென்டிமீட்டர். சக்கரத்திலிருந்து பலகையின் வெளி விளிம்புக்கு 18 சென்டிமீட்டர். வெளி விளிம்பைக் காலால் மிதித்தால், சக்கரம் ஊன்றுகோல் போல நின்று, கீல் இருக்கும் முனையை மேலே தூக்கும். விசை மூன்று மடங்காகிறது. ஒரு பக்கத்துச் சுமையான 60 கிலோவைத் தூக்க 20 கிலோ அளவுக்கு மிதித்தால் போதும். இடுப்பை வளைக்க வேண்டிய வேலையே இல்லை. மிதித்ததும் சட்டத்தில் தொங்கும் ஒரு சிறு கட்டை விழுந்து, பலகை மறுபடி மேலெழாதபடி தாங்கிக்கொள்ளும். கயிற்றை இழுத்துக் கட்டையை விலக்கினால் இரம்பம் ஒரு சென்டிமீட்டர் இறங்கித் தன் நான்கு கால்களில் உட்காரும். அப்போது பழைய காவலாளியான உராய்வும் வேலைக்குத் திரும்பிவிடுவான்.

முதல் முறை செய்தது சரியாக வரவில்லை. பூட்டிய நிலையில் பலகை சாய்ந்தே இருந்ததால், சக்கரத்தின் முளையும் சாய்ந்து, சக்கரங்கள் திரும்ப மறுத்தன. பூட்டிய நிலையில் பலகை படுகிடையாக இருக்குமாறு கீலைச் சற்று உயர்த்தி மாட்டிய பிறகுதான் இயந்திரம் சொன்னபடி கேட்டது.

சக்கரம் வாங்குவதிலும் ஒரு கணக்கு உண்டு. இரம்பமும் சட்டமும் சேர்ந்து 135 கிலோ. அதை நான்கால் வகுத்து, ஒரு சக்கரத்துக்கு 34 கிலோ என்று மகள் எழுதினாள். அப்பா நான்கை அடித்துவிட்டு மூன்று என்று எழுதினார். மூன்று கால் முக்காலி எந்தத் தரையிலும் ஆடாமல் நிற்கும்; நான்கு கால் நாற்காலி மேடுபள்ளமான தரையில் ஆடும். அதுபோல, ஒரு சக்கரம் பள்ளத்துக்கு மேலே வந்தால் முழுச் சுமையும் மற்றவற்றின்மேல் விழும். ஆகவே, ஒரு சக்கரம் குறைந்தது 45 கிலோவைத் தாங்க வேண்டும். அவர்கள் வாங்கியது 60 கிலோ தாங்கும் சக்கரங்கள். நைலான் சக்கரம் இலகுவாக உருளும். ஆனால், அந்தக் கடினத்தால் சுமை ஒரே புள்ளியில் இறங்கித் தரை ஓட்டை உடைத்துவிடும். மென்மையான ரப்பரோ நாள்கணக்கில் ஒரே இடத்தில் சுமையோடு நின்றால் அடியில் தட்டையாகிவிடும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது பாலியூரித்தேன். குறுக்களவு பெரிதாக இருந்தால் ஓடுகளின் இடுக்குகளில் சிக்காமல் தாண்டும்.

துளையிடும் இயந்திரத்தில் சிக்கல் வேறு. அதன் மோட்டாரும் தலைப்பகுதியும் உச்சியில் இருக்கின்றன, அடித்தட்டோ குறுகியது. அகன்ற அடித்தளமும் தாழ்ந்த புவியீர்ப்பு மையமும் ஒரு பொருளை நிலையாக நிற்க வைக்கும் என்பது அறிவியல் வகுப்பில் படித்ததுதான். புவியீர்ப்பு மையம் ஒரு மீட்டர் உயரத்திலும் அடித்தட்டின் அகலம் 30 சென்டிமீட்டராகவும் இருந்தால், 9 பாகை சாய்வதற்குள் அது கவிழ்ந்துவிடும். இதன் அடியில் சக்கரம் வைத்து மேலும் உயர்த்துவது ஆபத்தைத் தேடிப் போவதாகும். எனவே, 70 சென்டிமீட்டர் அகலத்தில் ஓர் இரும்புச் சட்டம் செய்து, சக்கரங்களை அதன் வெளி மூலைகளில் மாட்டினார்கள். இயந்திரம் சக்கரங்களுக்கு நடுவே தரையை ஒட்டித் தாழ்வாக உட்கார்ந்தது. இப்போது 19 பாகை வரை சாய்ந்தாலும் விழாது. அப்படியும், தலையைப் பிடித்துத் தள்ளுவது அந்த வீட்டில் தடை. இடுப்புக்குக் கீழே பிடித்துத்தான் தள்ள வேண்டும்.

எல்லாவற்றுக்கும் சக்கரம் போட வேண்டிய தேவையும் இல்லை. மகள் ஒவ்வோர் இயந்திரத்தின் அடிப்பரப்பையும் அட்டையில் வெட்டித் தரையில் பரப்பி, காரின் அளவுக்குச் சுண்ணக்கட்டியால் கோடு போட்டுப் பார்த்தாள். பலகையை இறுக்கிப் பிடிக்கும் இடுக்கி பொருத்திய மேசை கோட்டுக்குள் வரவே இல்லை. அது சுவரோடு திருகி இறுக்கப்பட்டு, இன்றுவரை அங்கேயே நிற்கிறது.

இப்போது மாலை வேலை நிதானமாக நடக்கிறது. முதலில் மின்கம்பிகளைப் பிடுங்கிச் சுருட்டுவார்கள். கம்பியின்மேல் சக்கரம் ஏறினால் அதன் உறை கிழிந்துவிடும். பிறகு துளையிடும் இயந்திரம், கடைசியில் இரம்பம். சரிவின் கீழ்ப்பக்கத்தில் யாரும் நிற்பதில்லை. அன்று ஓடிய இரம்பத்தை நிறுத்திய மெராந்தித் துண்டு வாசலருகே ஆணியில் தொங்குகிறது. நகர்த்தும்போது அதை மகள் கையில் எடுத்துக்கொள்வாள்.

காலையில் இரம்பத்தை அதன் இடத்துக்குக் கொண்டுவந்து இறக்கியதும் அப்பா சுவிட்சைத் தொடுவதில்லை. மேசையின் விளிம்பில் இரு கைகளையும் ஊன்றி, பலகையைத் தள்ளும் அதே பலத்தோடு ஒரு தடவை தள்ளிப் பார்ப்பார். இரம்பம் அசையாவிட்டால்தான் மின்கம்பியைச் செருகுவார்.