கணிப்பொறியின் கரு எது?



செய்முறைத் தேர்வுக்கு மூன்று நாள்களே இருந்தபோது எங்கள் மடிக்கணினி முரண்டு பிடித்தது. எங்களுள் ஒருத்தியின் அக்காளுக்கு அரசு விலையின்றி வழங்கிய கணினி அது. சென்னை சி-டாக் நிறுவனத்தார் 2007-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘பாஸ்’ என்னும் லினக்ஸ் இயக்க அமைப்பு அதில் இருந்தது. திரையில் படமும் இல்லை, மவுஸும் நகரவில்லை. ரெக்கார்டுக்கு எழுதிய புரோகிராம்கள் அனைத்தும் உள்ளே! கையைப் பிசைந்து நின்றோம்.

எங்கள் ஆசிரியை மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினார். கறுப்புத் திரை ஒன்று தோன்றிப் பெயரும் பாஸ்வேர்டும் கேட்டது. உள்ளே சென்று பார்த்தால் எங்கள் கோப்புகள் அத்தனையும் பத்திரமாக இருந்தன! டிஸ்க் முழுவதையும் திரைப்படங்கள் அடைத்துக்கொண்டதே கோளாறு. (அடைத்தவர் யார் என்று இங்கே எழுதப் போவதில்லை.)

ஆகவே, நாம் இயக்க அமைப்பு என்று எண்ணியிருந்த படங்களும் சன்னல்களும் வெறும் முகப்புத்தான். அவை போனாலும் உயிரோடு இருப்பது ‘கெர்னல்’ என்னும் கரு.

அதன் முதல் வேலை முறை வைப்பது. அடி அண்ணாமலையில் எங்கள் விடுதியில் குழாய் ஒன்று, வாளிகள் அறுபது. சிஸ்டர் மணி அடித்தால், வாளி நிறையாவிட்டாலும் அடுத்தவளுக்கு வழிவிட வேண்டும். கணிப்பொறியிலும் ஒரு கடிகாரம் நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை மணி அடிக்கிறது. ஓடும் புரோகிராம் நின்ற இடத்தைக் குறித்துக்கொண்டு, கெர்னல் அடுத்ததை ஓடவிடுகிறது. எல்லாம் ஒரே சமயத்தில் நடப்பதாக நமக்குத் தோன்றுவது இதனால்தான்.

அடுத்தது நினைவகம். விடுதியில் அவரவர் டிரங்குப் பெட்டிக்கு அவரவர் பூட்டு இருப்பதுபோல, ஒரு புரோகிராமின் இடத்தில் இன்னொன்று கைவைக்காதபடி கெர்னல் காக்கிறது.

கோப்புகளைப் பேணுவதும் கருவின் வேலையா? இதில் அறிஞர்களுக்குள்ளேயே சண்டை! டானன்பாம் 1987-இல் உருவாக்கிய மினிக்ஸில் அது கருவுக்கு வெளியே நின்றது. 1991-இல் லினக்ஸைத் தொடங்கிய டோர்வால்ட்ஸ் அதை உள்ளேயே வைத்தார். 1992-இல் இருவரும் வெளிப்படையாக வாதிட்டனர். வெளியே வைத்தால் வேலையே நடவாது என்பதை மட்டும் கருவில் வையுங்கள் என்று 1995-இல் ஜெர்மானியரான லீட்கே வரையறுத்தார். அவர் கணக்கில் மிஞ்சியவை மூன்றே: முறை வைத்து ஓட்டுதல், நினைவிடப் பாதுகாப்பு, புரோகிராம்களுக்கிடையே செய்திப் போக்குவரத்து. இவ்வழியில் வந்த ‘செல்4’ பத்தாயிரம் வரிகளுக்கும் குறைவு. 2009-இல் அதைக் கணித முறையில் சரிபார்த்தும் விட்டனர். லினக்ஸோ இன்று இரண்டு கோடி வரிகளைத் தாண்டிவிட்டது.

எங்கள் கதைக்கு வருவோம். கறுப்புத் திரையிலிருந்தே புரோகிராம்களைப் பென் டிரைவில் படியெடுத்தோம். பிறகு, மனமில்லாமல்தான், நான்கு திரைப்படங்களை அழித்தோம். மறுபடி இயக்கியதும் படமும் மவுஸும் திரும்பி வந்தன.