மேகம் எங்கே போனது? வானப் படங்களுக்கு உயிர் கொடுக்கலாம்!

கம்ப்யூட்டர் வாங்கியவுடன் பலரும் செய்யும் முதல் வேலை, மொபைல் போனில் எடுத்த படங்களை அதற்கு மாற்றிப் பெரிய திரையில் பார்ப்பதுதான். வானம் உள்ள படங்களில் அப்போதுதான் ஏமாற்றம் தெரியும். கண்ணால் பார்த்த கருமேகம், திரையில் வெறும் வெள்ளைத் தாளாக நிற்கும்.

எனக்கும் இது நடந்தது. சென்னையில் சாப்ட்வேர் வேலை என்றாலும் எனக்குச் சொந்த ஊர் உத்திரமேரூர். ஓர் ஐப்பசியில் ஊருக்குப் போயிருந்தபோது, முட்டிவலியால் ஏரிக்கரைக்கு நடக்க முடியாத தாத்தா, "ஏரி எப்படி இருக்குன்னு ஒரு போட்டோ எடுத்தாடா" என்றார். ஏரித் தண்ணீரை நம்பி நெல் வைத்தவர். எடுத்து வந்து காட்டினேன். "தண்ணி தெரியுது. மேகம் எங்கடா?" என்றார். படத்தைக் கருமையாக்கிப் பார்த்தேன். வெள்ளை சாம்பலானதே தவிர மேகம் வரவில்லை. போதாக்குறைக்கு அதே பெயரில் சேவ் செய்து, இருந்த ஒரிஜினலையும் கெடுத்துக்கொண்டேன்.

ஏன் இப்படி? ஜேபெக் படத்தில் ஒவ்வொரு புள்ளியின் சிவப்பு, பச்சை, நீல அளவுகள் 0 முதல் 255 வரையான எண்களாகப் பதிவாகின்றன. கேமரா கரையின் இருட்டைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டினால், வானம் முழுவதும் 255ஐத் தொட்டுவிடும். எல்லாம் ஒரே எண் என்றால், மீட்பதற்கு அங்கே எதுவும் இல்லை. இருட்டான பகுதியிலோ ஓரளவு விவரம் மிச்சமிருக்கும். எனவே வானத்திற்கு வெளிச்சத்தைச் சரி செய்யுங்கள். தரை சற்று இருண்டாலும் பரவாயில்லை.

போனில் இது எளிது. திரையில் மேகத்தின் மீது விரலை வைத்துச் சற்று நேரம் அழுத்தினால் பெரும்பாலான போன்களில் போகஸும் வெளிச்சமும் பூட்டப்படும். அருகில் தோன்றும் சூரியக் குறியைக் கீழே இழுக்கவும். தனிக் கேமராவில் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை மைனஸ் 1 வைத்தால் வெளிச்சம் பாதியாகும்.

நேரமும் திசையும் முக்கியம். வடகிழக்குப் பருவமழையில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, நம் பக்கம் மேகம் பெரும்பாலும் வங்கக் கடலில் இருந்து வரும். மாலையில் மேற்கு திறந்திருந்தால், முதுகுக்குப் பின்னால் இருக்கும் சூரியன் கிழக்கு மேகத்தில் நேராக விழும். கருநீலத்தில் பொன் விளிம்பு கிடைக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மாலை இடிமழை பெரும்பாலும் மேற்கில் இருந்து வரும். அப்போது மேகத்துக்குப் பின்னால் சூரியன் நிற்கும். பனைமரங்களை நிழலுருவமாக எடுக்க ஏற்ற நேரம். (இடி கேட்டால் பனையடியில் நிற்காமல் உடனே இறங்கிவிடவும். படம் நாளைக்கும் எடுக்கலாம்.)

மேகம்தான் விஷயம் என்றால் தொடுவானத்தைப் படத்தின் நடுவில் வைக்காதீர்கள். கீழ் மூன்றில் ஒரு பங்கில் வையுங்கள். வெறும் வானம் சலிக்கும். வளைந்து போகும் கரை, ஒற்றைப் பனை, ஒரு மதகு என ஏதாவது ஒன்று போதும். எங்கள் ஊருக்கு வருபவர்கள் வைகுண்டப் பெருமாள் கோயிலின் குடவோலைக் கல்வெட்டுகளைப் படமெடுத்துத் திரும்பிவிடுகிறார்கள். பராந்தக சோழன் காலத்து அந்தக் கல்வெட்டுகளிலேயே (கி.பி. 919, 921) ஏரி வாரியம் பற்றியும் இருக்கிறது. அப்புறமும் ஏரியைப் பார்க்காமல் போகலாமா?

இனி கம்ப்யூட்டர் வேலை. ஜிம்ப் என்ற இலவச சாப்ட்வேரை அதன் சொந்தத் தளத்தில் இருந்து இறக்கி இன்ஸ்டால் செய்யவும். படத்தைத் திறந்து, டூல்ஸ் மெனுவில் மெஷர் டூலைத் தேர்ந்தெடுத்து, தொடுவானத்தை ஒட்டிக் கோடு இழுத்து 'ஸ்ட்ரெய்ட்டன்' பட்டனை அழுத்தவும். சாய்ந்த ஏரி நிமிர்ந்துவிடும். கிராப் டூலின் ஆப்ஷன்களில் 'ரூல் ஆப் தேர்ட்ஸ்' கோடுகளை வரவழைத்து ஓரங்களை வெட்டவும்.

அடுத்து லேயர் மெனுவில் டூப்ளிகேட் செய்யவும். மேலே உள்ள லேயரில் கலர்ஸ் மெனுவின் கர்வ்ஸ் திறந்து, கோட்டின் நடுப்பகுதியைச் சிறிது கீழே இழுக்கவும். முழுப் படமும் இருளும், பயப்பட வேண்டாம். லேயர் மெனுவில் மாஸ்க், ஆட் லேயர் மாஸ்க் சென்று வெள்ளையைத் தேர்ந்தெடுக்கவும். டி கீயைத் தட்டினால் கறுப்பு, வெள்ளை நிறங்கள் வரும். கிரேடியன்ட் டூலை எடுத்து, தொடுவானத்திற்குச் சற்றுக் கீழே தொடங்கிச் சற்று மேலே வரை இழுத்து என்டர் தட்டவும். கறுப்பு விழுந்த இடத்தில் பழைய தரை தெரியும். வெள்ளை இருக்கும் இடத்தில் இருண்ட வானம் நிற்கும். அதிகமாக இருட்டினால் மேகம் புகைமூட்டம் போலாகிவிடும். எனக்கு மிதமே பிடிக்கும்.

முடிந்ததும் சேவ் கொடுத்தால் எக்ஸ்சிஎப் பைலாக, லேயர்களோடு இருக்கும். பிறருக்கு அனுப்ப 'எக்ஸ்போர்ட் ஆஸ்' மூலம் ஜேபெக் எடுத்து, வேறு பெயர் கொடுக்கவும். வேறு பெயர்!

மறுநாள் மாலை இப்படி எடுத்த படத்தை மானிட்டரில் காட்டினேன். தாத்தா கிட்டே வந்து, கிழக்கு மூலையில் விரலை வைத்தார். "இது காத்தோட போற மேகம். பெய்யாது" என்றார்.