வாடகை பாக்கியும் அட்வான்ஸ் பணமும்



நம்மில் பலர் வீடு, கடை என்று வாடகைக்கு விட்டிருக்கிறோம். பலர் வாடகைக்குக் குடியிருக்கிறோம். ஒளூ முறிந்ததா இல்லையா என்பதை ஆலிமிடம் ஓடி வந்து கேட்கிறோம். அட்வான்ஸ் பணத்தில் எவ்வளவு பிடிக்கலாம் என்பதை மட்டும் வீட்டு புரோக்கரிடம் கேட்கிறோம். இரண்டுமே மறுமையில் விசாரிக்கப்படும்.

ஒரு கணக்கை எடுத்துக் கொள்வோம். மாத வாடகை 9,000 ரூபாய், அட்வான்ஸ் 50,000 ரூபாய். 4 மாதம் வாடகை வரவில்லை. பொறுத்துப் பார்த்த வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்கிறார். குடியிருந்தவரும் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிறார். ஒரு வாரம் கழித்து மீதிப் பணம் கேட்டு வருகிறார். "நாலு மாசம் என்னை அலைய விட்டியே, அட்வான்ஸ்ல ஒரு பைசா கிடையாது, போ" என்கிறார் வீட்டுக்காரர். சுற்றி நிற்பவர்களும் அது சரிதான் என்பது போல் தலையாட்டுகிறார்கள்.

வீட்டுக்காரருக்கு அநியாயம் நடந்திருக்கலாம். வசதி உள்ளவன் கடனை இழுத்தடிப்பது அநியாயம் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்ன ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. ஆனால் அந்த அநியாயத்தின் அளவு 36,000 ரூபாய். அதற்கு மேல் ஒரு ரூபாய் எடுத்தாலும், இப்போது அநியாயம் செய்பவர் வீட்டுக்காரர்.

இது அறியாமைக் காலத்துப் பழக்கம். அன்று ஒருவர் பொருளை அடைமானம் வைத்துக் கடன் வாங்குவார். தவணைக்குள் திருப்பாவிட்டால் பொருள் முழுவதும் கடன் கொடுத்தவருக்கே சொந்தமாகிவிடும், அதன் மதிப்பு கடனை விட எத்தனை மடங்கு இருந்தாலும் சரி. அடைமானம் அப்படி மூழ்கிப் போகாது என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் முவத்தாவில் இதைப் பதிவு செய்து, கடனை விட அதிக மதிப்புள்ள பொருளை வைத்து, "தவணையில் தராவிட்டால் பொருள் உனக்கே" என்று பேசிக்கொள்வது ஹலால் அல்ல என்று விளக்கமும் தருகிறார்கள். "வாடகை பாக்கி வைத்தால் அட்வான்ஸ் திருப்பித் தரப்படாது" என்று பத்திரத்தில் எழுதிக்கொள்கிறார்களே, அதை இதோடு வைத்துப் பாருங்கள்.

உண்மையில் நம் ஊர் அட்வான்ஸ் அடைமானம் கூட இல்லை. வாங்கிய பணத்தை நாம் பீரோவில் அப்படியே வைத்திருப்பதில்லை. மகள் கல்யாணத்துக்கோ, மாடி கட்டவோ செலவழித்து விடுகிறோம். செலவழிக்கும் அனுமதியோடு வாங்கிய பணம் கடன் என்ற சட்டத்தில் வரும் என்று இக்கால ஃபிக்ஹ் அறிஞர்கள் சொல்கிறார்கள். அப்படியானால் அவர் நமக்கு வாடகைக் கடன்காரர். நாம் அவருக்கு அட்வான்ஸ் கடன்காரர். ஒன்றுக்கு ஒன்று கழித்துக்கொள்வதை ஃபிக்ஹில் 'முகாஸ்ஸா' என்பார்கள். அது கூடும். கழித்தது போக மீதி அவருடைய ஹக்கு.

எதையெல்லாம் கழிக்கலாம்? பாக்கி வாடகை 36,000. அவர் கட்டாமல் விட்ட கரண்ட் பில் 2,300 என்றால் அதுவும். ஆக 38,300 போக 11,700 ரூபாய் திரும்பக் கொடுக்க வேண்டும். மாதத்தின் நடுவில் காலி செய்தால் நாள் கணக்கு பார்க்க வேண்டும்.

பெயிண்ட் விஷயத்தில்தான் நிறைய சண்டை. ஷரீஅத்தில் குடியிருப்பவர் அமானிதக்காரர் நிலையில் இருப்பவர். வரம்பு மீறியோ அலட்சியத்தாலோ சேதப்படுத்தினால் மட்டுமே அவர் பொறுப்பு. ஐந்து வருஷம் குடும்பம் நடத்திய வீட்டில் சுவர் அழுக்காவதும் குழாய் தேய்வதும் இயல்பு. கதவை உடைத்திருந்தால், வாஷ்பேசினை நொறுக்கியிருந்தால் அதன் செலவைக் கேளுங்கள், பில்லைக் காட்டிக் கேளுங்கள். அடுத்த ஆள் வரும் வரை வீடு பூட்டிக் கிடந்த மாதங்களை இவர் தலையில் கட்டக் கூடாது. தாமதத்துக்கு நூற்றுக்கு இரண்டு ரூபாய் என்று போடுவது அப்பட்டமான வட்டி.

நாட்டுச் சட்டமும் இங்கே ஏறக்குறைய இதையே சொல்கிறது. 2019 முதல் தமிழ்நாட்டில் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டப்படி, காலி செய்த ஒரு மாதத்துக்குள், குடியிருந்தவர் தர வேண்டியதைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுத்துவிட வேண்டும்.

பாக்கி அட்வான்ஸை விட அதிகமாக இருந்தால்? மிச்சம் அவர் மீது கடனாக நிற்கும். அதற்காக அவருடைய தையல் மெஷினையோ பிள்ளைகளின் சர்டிஃபிகேட்டையோ பிடித்து வைக்க முடியாது. அவர் உண்மையிலேயே நொடிந்து போனவர் என்றால், வசதி வரும் வரை அவகாசம் கொடுங்கள், தர்மமாக விட்டுவிடுவது இன்னும் நல்லது என்று சூரா பகரா 280-வது வசனத்தில் அல்லாஹ் வழிகாட்டுகிறான். கஅப் இப்னு மாலிக் (ரலி) அவர்கள் தமக்கு வர வேண்டிய கடனைப் பள்ளிவாசலிலேயே இப்னு அபீ ஹத்ரத் (ரலி) அவர்களிடம் கேட்க, இருவர் சப்தமும் உயர்ந்தது. நபி (ஸல்) அவர்கள் வீட்டுத் திரையை விலக்கி, பாதியைத் தள்ளுபடி செய்யும்படி கஅப் அவர்களுக்குச் சைகை செய்தார்கள். அவர் உடனே ஒப்புக்கொண்டார். அதோடு விடவில்லை, மற்றவரைப் பார்த்து, எழுந்து மீதியைக் கொடுங்கள் என்றார்கள்.

குடியிருக்கும் சகோதரர்களே, இந்த இரண்டாவது பாதி உங்களுக்கு. "அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்க பாய்" என்று சொல்லிவிட்டுக் கையில் பணம் இருந்தும் வாடகையை நிறுத்துகிறீர்கள். அந்தப் பணம் காலி செய்யும்போது திருப்பித் தரப்படும் என்பதுதானே பேச்சு? வீட்டுக்காரர் சம்மதிக்காமல் நீங்களாக அதை மாற்ற முடியாது. அவர் வீட்டுக்கும் அந்த வாடகையில்தான் மருந்து வாங்குகிறார்களோ என்னவோ.

கடைசியாக வாரிசுகளின் விஷயம். வாப்பா மௌத்தாகிறார். மூன்று வீடுகளைப் பிள்ளைகள் பங்கு வைக்கிறார்கள். அந்த மூன்று வீடுகளுக்கும் வாப்பா வாங்கிய அட்வான்ஸை யாரும் பேசுவதில்லை. அது மய்யித்தின் கடன். கடனும் வஸிய்யத்தும் போகத்தான் பங்கு என்று சூரா நிஸா 11-வது வசனம் தெளிவாக இருக்கிறது. எந்த வீட்டுக்கு எவ்வளவு வாங்கியிருக்கிறேன், குடியிருப்பவர் யார், அவர் முஸ்லிமோ மாற்று மதச் சகோதரரோ, எல்லாவற்றையும் இன்றே ஒரு நோட்டில் எழுதிப் பிள்ளைகளிடம் காட்டி வையுங்கள். காலி செய்து போனவர் மீதியை வாங்காமலே இறந்திருந்தால் அது அவருடைய வாரிசுகளுக்குச் சேர வேண்டும். அவருடைய போன் நம்பர் பழைய பத்திரத்தில் இருக்கும், தேடிப் பாருங்கள்.